மூன்றேகால் பலாப்பழம்

ஆற்றங்கரை முள்ளம்பன்றியிடம் மூன்றேகால் பலாப்பழம் இருந்தது. மூன்று முழுப் பழம், ஒரு கால் துண்டு.

அந்தக் காட்டு முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம். கூட்டம் கூடினால் முழுப் பழங்களை மட்டும்தான் எண்ணுவார்கள். அதிகம் வைத்திருப்பவருக்கு முதல் இடம். துண்டுகளுக்கு மதிப்பில்லை. அதனால் நம் முள்ளம்பன்றிக்குப் பெயரே 'மூணு பழத்தார்'.

அன்று காலை ஆறு திடீரெனப் பொங்கியது. நடுத்திட்டில் கிழங்கு தோண்டப் போன அவருடைய இரண்டு குட்டிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன.

"அப்பா! தண்ணி ஏறுது!"

கரையில் யானை நின்றிருந்தது. மூணு பழத்தார் அதனிடம் ஓடினார்.

"யானையக்கா! என் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வாங்க!"

"மூணு நாளா மழை, வயிறு காலி. அரைப் பழம் தின்னா இந்த இழுப்புல நிக்க முடியாது. முழுசாத் தின்னா கண் சொருகிடும். முக்கால் பழம் கொடு, இப்பவே இறங்குறேன்!"

"பிரிச்சது கால் துண்டுதானே இருக்கு! அதுல முக்கால் எப்படி எடுக்கிறது?"

"ஒரு முழுசை உடைங்க!" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த அவர் மனைவி.

"உடைச்சா நான் ரெண்டு பழத்தான் ஆயிடுவேனே!"

மரத்திலிருந்து குரங்கு குதித்தது. "இதுக்கா கவலை? காலில் முக்கால் போகாது. திருப்பிப் போடுங்க! முக்காலில் கால் போனா அரை. மூணைத் தொடவே வேண்டாம். மீதி மூன்றரை!"

"மூன்றரையா!" அவருடைய முட்களெல்லாம் சிலிர்த்தன. "கொடுத்த பிறகும் கூடுதலா! எடுத்துக்குங்க அக்கா!"

யானை கரையிலிருந்த அவருடைய பழக் குவியலைத் தும்பிக்கையால் துழாவியது. "எங்கே முக்கால்? இங்கே கால் துண்டுதான் கிடக்கு!"

மனைவி குரங்கை முறைத்தாள். "கொடுத்தா குறையணும். உன் கணக்குல கூடுது. கூடின பழம் எங்கேடா? காட்டு!"

குரங்கு தலையைச் சொறிந்தது. "கணக்கு சரி. பழம்தான் தப்பு!" என்று மரத்தில் ஏறிக்கொண்டது.

"அப்பா! கழுத்துக்கு வந்துடுச்சு!"

மூணு பழத்தார் ஒரு முழுப் பழத்தை யானையின் முன்னே உருட்டிவிட்டார். "மிதிங்க அக்கா!"

ஒரு மிதி! பழம் இரண்டு பாதியானது. பாதிக்கு ஒரு மிதி! நான்கு கால் துண்டுகள். பழைய துண்டோடு ஐந்து. அதில் மூன்றை வாயில் போட்டுக்கொண்டு யானை வெள்ளத்தில் இறங்கியது. திரும்பும்போது தும்பிக்கையில் இரண்டு குட்டிகளும் தொங்கின!

"இனிமே ரெண்டு பழத்தாரா?" மேலிருந்து சீண்டியது குரங்கு.

"இரண்டரை!" என்றார் அவர்.

அதற்குள் நடுங்கிக்கொண்டிருந்த குட்டிகள் ஆளுக்கொரு துண்டைக் கடிக்கத் தொடங்கியிருந்தன.

"சரி, ரெண்டுதான்" என்று சிரித்தார்.

முழுசை உடைக்க மனம் வராதவரிடம் எவ்வளவு இருந்தாலும், அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கால் துண்டுக்கு மேல் இருக்காது.