மரங்கொத்தி போட்ட துளை

அடைகாத்துக்கொண்டே ஒரு பாட்டுக் கட்டினாள் கொண்டைக்குருவி.

"அடி பார், கிளை பார்,
அடிமரத்தில் நெளிவதைப் பார்!"

பாம்பு ஏறும்போது பாடுவதற்கான பாட்டு. அதைக் கேட்டால் காடே திரண்டு வந்து பாம்பைக் கொத்தும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். புதுப் பாட்டை இலுப்பை மரத்துக்குப் போய் மரங்கொத்தியிடம் பாடிக் காட்ட வேண்டும். பாடியவர் பேரில் அவர் மரத்தில் ஒரு துளை போடுவார். மரம் விழும்வரை பாட்டு துளைக்காரருக்கே சொந்தம். வேறு யார் பாடினாலும் காட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்.

முட்டையைக் குளிரவிட்டு அவள் எப்படிப் போவாள்? குஞ்சு பொரித்ததும் பறந்து போனாள். அவள் கூட்டில் பாடியதைக் கேட்டிருந்த இரட்டைவால் குருவி, முந்திப்போய்த் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

"அது நான் கட்டினது அண்ணே."

"இருக்கலாம் தங்கச்சி. துளை அவனுக்குப் போட்டாச்சே" என்றார் மரங்கொத்தி.

இரட்டைவாலன் சிரித்தான். "இனி நீ வாயைத் திறந்தால், உன் குஞ்சுகளுக்கு வேற அம்மா தேடணும்."

ஒரு நாள் உச்சிவெயிலில் சாரைப்பாம்பு மருத மரத்தில் ஏறியது. மேலே இரட்டைவாலன் கூடு. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். அவனோ, அந்தப் பாட்டைப் பாடிவிட்ட மைனாவை விரட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போயிருந்தான்.

எல்லாப் பறவைகளும் பார்த்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. கொண்டைக்குருவி கீச்சிட்டுப் பார்த்தாள். வெறுங்கூச்சலுக்கு யார் அசைவார்? பாம்பின் தலை கூட்டைத் தொட்டது. அவள் தன் குஞ்சுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பாடிவிட்டாள்.

தவிட்டுக்குருவிகள் பாய்ந்து வந்து கொத்தின. பாம்பு பொத்தென்று விழுந்து புதருக்குள் ஓடியது.

திரும்பி வந்த இரட்டைவாலன் கேட்டான். "யார் பாடினது?"

"நான்தான். பொழுது சாய்றதுக்குள்ளே போயிடுறேன். என் குஞ்சுகளுக்கு மட்டும் யாராவது இரை கொடுங்க."

அவன் இலுப்பை மரத்துக்குப் பறந்தான். ஈரக் களிமண்ணை அலகில் எடுத்துப்போய்த் தன் துளையைத் தானே அடைத்தான்.

"மரம் இன்னும் விழலையேப்பா" என்றார் மரங்கொத்தி.

"அவள் பாடலைன்னா என் கூடு விழுந்திருக்கும்."

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. தொண்டையை விட்டு வெளிவந்த கணமே பாட்டு கட்டியவருக்குச் சொந்தம், துளை வேண்டாம். அவர் குஞ்சுகள் பறந்து போனபின் அது காட்டுக்கே பொது.

படைத்தவர் வாயையே கட்டும் சட்டம், ஆபத்து வேளையில் எவர் கூட்டையும் காக்காது.