ஒன்றுமில்லாததற்கு ஒரு கிலோ ஜாங்கிரி

ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஒரு சங்கதியைக் கேட்டால் நாலு சேர்த்துத்தான் சொல்வார். தெருவில் பாம்பு போனது என்றால், அது அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டும் போயிருக்கும். டெலிபோன் வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் சென்னைக்கு வந்து ஆராய்ச்சியில் சேர்ந்தார். குரு ஜெசிந்தா டீச்சருக்கு வயது முப்பத்துநாலு.

பிரபஞ்சம் பிறந்த சூட்டில் கிளம்பிய ஒளி, ஆறி அடங்கி, இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அதை இரண்டு வருஷம் அளந்து அனுப்பியிருந்தது. அந்த எண்களைச் சுத்தம் செய்து வானம் முழுவதையும் படமாகப் போட வேண்டும். அதுதான் அண்ணாச்சியின் வேலை.

எட்டாவது மாதம் படம் வந்தது. ஓரத்தில் அழகாக ஒரு வளையம், உலகத்தில் யாரும் பார்க்காதது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த மனைவி கோமுவுக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன். இதுவும் உங்க பாம்புக் கதைன்னா, மூட்டையக் கட்டிக்கிட்டு என்கூட ஊருக்குக் கிளம்பிரணும்" என்றாள் கோமு.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு நேராக டீச்சரிடம் போனார்.

"டீச்சர், இது வானத்துல இருக்கதா, நான் போட்டதா? எப்படிக் கண்டுபிடிக்க?"

"முதல் வருஷத்துக்கு ஒரு படம் போடுங்க. ரெண்டாம் வருஷத்துக்கு ஒண்ணு. ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிங்க."

கழித்தார். மற்றதெல்லாம் அழிந்துபோனது. வளையம் மட்டும் நின்றது.

"பாத்தீங்களா, கழிச்சும் போகல" என்றார் சந்தோஷமாக.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வானத்துல இருந்தா ரெண்டு படத்துலயும் இருந்திருக்கும், கழிச்சதும் போயிருக்கும். இது உங்க சொந்தச் சொத்து அண்ணாச்சி."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். இரண்டாம் வருஷ எண்களில் அங்கங்கே ஓட்டை. பார்க்க நல்லாயில்லையே என்று அக்கம்பக்கத்து எண்களை அனுசரித்து அவரே நிரப்பியிருந்தார்.

"ஓட்டைய ஓட்டையாவே விடுங்க" என்றார் டீச்சர்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், சேர்த்ததையெல்லாம் பிடுங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி கழித்தார். திரை முழுக்க வெறும் சாம்பல் நிறப் பொடிப் புள்ளிகள். எட்டிப் பார்த்த டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு கிலோ ஜாங்கிரியோடு திரும்பி வந்தார்.

அதற்குள் கோமு வந்து திரைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"வளையம் எங்க?"

"அது நான் சேத்தது."

"சரி, இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

கோமு ஜாங்கிரிப் பெட்டியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லாததுக்கா டீச்சர் இனிப்பு?"

டீச்சர் பெரிய ஜாங்கிரியாகப் பொறுக்கி அவள் கையில் வைத்தார்.

"வானம் ரெண்டு வருஷமும் ஒரே சங்கதியத்தான் சொல்லியிருக்கு அக்கா. உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தகூடச் சேக்காம அத அப்படியே சொல்லியிருக்காரு."