வாய்க்காலுக்காகப் பேசியவள்

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். கோவரையன் என்ற அரசன் வெகுகாலத்துக்கு முன் ஆண்ட நாட்டில், ஒரே வாய்க்காலை நம்பி இரண்டு ஊர்கள் இருந்தன. தண்ணீர் முதலில் சேரும் ஊர் தலைமடை. கடைசியில் சேரும் ஊர் கடைமடை.

ஒரு வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. நட்ட பயிர் கருகியது. சடையன் என்ற உழவன் அரண்மனைக்குப் போய், பிள்ளைகள் பசியில் வாடுவதைச் சொல்லி அழுதான். மனம் இளகிய அரசன் பத்து வண்டி நெல் அனுப்பினான். தை பிறக்குமுன் நெல் தீர்ந்தது. தண்ணீர் வரவில்லை.

மறுவருஷம் அதே ஊர் மருதப்பன் அரண்மனைக்குப் போனான். தலைமடைக்காரர்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று முறையிட்டான். அரசன் காவலரை அனுப்பினான். அடிதடி நடந்தது. இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றது. அப்போதும் தண்ணீர் வரவில்லை.

மூன்றாம் வருஷம் கடைமடையிலிருந்து சிலம்பாயி என்ற பெண் கிளம்பினாள். அவள் நேரே அரண்மனைக்குப் போகவில்லை. வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தாள். நடுவழியில் இடுப்பளவு வண்டல் மேடிட்டுக் கிடந்தது. அதைத் தாண்ட முடியாத தண்ணீர் கரை வழிந்து தலைமடை வயல்களில் தேங்கியிருந்தது. அங்கே பயிர் அழுகிக்கொண்டிருந்தது.

தலைமடை ஊர்த்தலைவர் வெள்ளையப்பர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலம்பாயி பழைய சண்டையை எடுக்கவே இல்லை. அழுகும் பயிரைப் பற்றி மட்டும் கேட்டாள். கடைசியில் அவரும் அவளோடு அரண்மனைக்கு வரச் சம்மதித்தார்.

இரண்டு ஊராரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து அரசன் வியந்தான். "உன் வீட்டுக் கஷ்டம் என்ன, சொல் அம்மா" என்றான்.

"என் வீட்டுக்காரர் பிழைப்புத் தேடிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அரசே. அதைச் சொன்னால் எனக்கு நெல் கொடுப்பீர்கள், ஆனால் தண்ணீர் வராது. நான் வாய்க்காலைப் பற்றிப் பேச வந்தேன். அது தூர்ந்துபோனதால் மேலே பயிர் அழுகுகிறது, கீழே கருகுகிறது. இரண்டு ஊரும் விளையாவிட்டால் உங்கள் களஞ்சியமும் நிறையாது."

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"பத்து நாள் மதகை அடைத்து வையுங்கள். மண் இழுக்க நாலு யானை அனுப்புங்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு நாங்கள் வருகிறோம்."

"எங்கள் ஊரும் வரும்" என்றார் வெள்ளையப்பர்.

அரசன் இசைந்தான்; இரண்டு ஊராரும் பத்து நாள் வண்டலை வாரினார்கள். பதினோராம் நாள் மதகு திறந்தது. சாயங்காலத்துக்குள் கடைமடையின் கடைசி வயலிலும் தண்ணீர் ஏறியது. இனி ஆனிதோறும் தூர்வார வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான்.

ஊர்க்குறையைச் சொல்லப் போகிறவர், அது எல்லாருக்கும் பொதுவான குறை என்பதையும் அதைத் தீர்க்கும் வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.