வாழைத்தண்டுக் கை

அம்பத்தூரில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப். கை உள்ளே போனால் மிஷினைச் சட்டென்று நிறுத்துவதற்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று ஊரெங்கும் பேச்சு. மேனேஜர் சதாசிவமோ சோதித்தே பார்க்காமல், 'சோதித்தாயிற்று, எல்லாம் சரி' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்.

"கையெழுத்துப் போடு மாசானம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மிஷின் ஓட்டும் மாசானத்துக்கு இடது கையில் மூன்று விரல்தான். மிச்ச ரெண்டையும் பழைய மிஷின் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

"போட்டுடறேன் சார். கம்ப்யூட்டர்ல தேதியை ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணுன்னு மாத்தறேன். நீங்க ஒரே ஒரு தடவை கையை உள்ளே விட்டுக் காட்டுங்க."

மேனேஜரின் கை பேன்ட் பைக்குள் ஒளிந்துகொண்டது. "நான் எதுக்குய்யா?"

மாசானம் கேன்டீனிலிருந்து வாழைத்தண்டு கொண்டுவந்து தன் கையுறைக்குள் திணித்தான். தேதியை மாற்றினான். நீளக் கம்பியில் கையுறையைச் செருகி உள்ளே நீட்டினான்.

மிஷின் நிற்கவில்லை. கையுறை நசுங்கி, சாறு மேனேஜர் சட்டையில் தெறித்தது.

மாசானம் அந்தத் தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினான்.

"ஒண்ணாந்தேதி காலை ஷிப்டுல இது யாரோட கை சார்? பேரை நீங்களே எழுதுங்க."