குளவியோடு பூட்டிய வண்டி

முதல்லயே சொல்லிருதேன், இந்தக் கதையில அறிவுள்ள ஆளு நான் ஒருத்தன்தான். என் பேரு பலவேசம். வாழைத்தார் ஏத்துற மினி லாரி வச்சிருக்கேன்.

எங்க தெருவுல அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் வண்டிமலையான், நடுவுலவன் உச்சிமாகாளி, இளையவன் ஆவுடையப்பன். அறுபதாம் வருஷத்து மோட்டார் சைக்கிள் ஒண்ணை நாலு சாக்கு மூட்டையில கட்டிக்கிட்டு வந்து, ரெண்டு வருஷமா உக்காந்து பூட்டினானுவ. பூட்டி முடிச்சதும் வண்டி லட்சணமா நின்னுது. நின்னுதே தவிர, ஓடலை.

அதுக்குள்ள கல்யாணத் தரகர் இளையவனுக்குப் பொண்ணு கேட்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்குத தளவாய் வீட்டுல போயி, "மாப்பிள்ளை செத்த வண்டிக்கே உயிர் குடுத்தவன்"னு அளந்து விட்டுட்டாரு. தளவாய் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. எதுலயும் ரூல்ஸ் பேசுத மனுஷன்.

"வெள்ளிக்கிழமை நிச்சயம் வச்சுக்கிடுவோம். பத்து மணிக்கு மாப்பிள்ளை அந்த வண்டி மேல உக்காந்திருக்கணும். எஞ்சின் ஓடணும். வண்டி என் வாசல்ல நிக்கணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் பொண்ணு கிடையாது"ன்னுட்டாரு.

ஆவுடையப்பன் அந்தப் பொண்ணு வடிவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். அதுல இருந்து பயலுக்குச் சோறு இறங்கலை.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதுல இருந்து மூணு பேரும் மாத்தி மாத்தி உதைச்சானுவ. வண்டி இருமக்கூட இல்லை. மெக்கானிக் சாகுல் பாய் மக பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாரு. போனைப் போட்டானுவ.

"கார்பரேட்டர்ல அடைப்பு இருக்கும்டே. கழட்டிச் சுத்தமா கழுவுங்க. உள்ள இருந்து எடுத்தது ஒண்ணு விடாம திரும்ப அதது இருந்த இடத்துல போயிரணும். ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி ஓடாது, சொல்லிட்டேன்"ன்னாரு பாய்.

வெள்ளைத் துணியை விரிச்சு, உள்ள இருந்ததை எல்லாம் வரிசையா வச்சானுவ. ஒரு மிதவை, ஒரு ஊசி, பெட்ரோல் போற துவாரம் வச்ச ஜெட் ரெண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு சிட்டிகை மண்ணு, செத்துப்போன குளவி ஒண்ணு.

"அண்ணே, குளவி எந்தப் பக்கம் பார்த்து இருந்துது?"ன்னு கேட்டான் உச்சிமாகாளி.

"ஜெட்டைப் பார்த்து இருந்துது. தலையை உள்ள விட்டுக்கிட்டு."

"கழுவியாச்சா?"

"மூணு தடவை பெட்ரோல்ல கழுவிட்டேன். றெக்கையை மட்டும் பிரஷ்ஷால தேய்ச்சேன்."

"மண்ணு?"

"அதையும் கழுவிக் காய வச்சிருக்கேன். ஒரு பொடி கூடக் குறையலை."

நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நமக்கெதுக்கு ஊர் வம்புன்னு பேசாம இருந்துட்டேன். குளவியை அது இருந்த மாதிரியே தலையை ஜெட்டுக்குள்ள விட்டு வச்சு, மண்ணையும் தூவி மூடினானுவ. உதைச்சானுவ. ம்ஹூம்.

மறுபடியும் போன். "பெட்ரோல்ல தூசி இருக்கும். நல்ல துணியாப் பார்த்து வடிகட்டி ஊத்துங்க"ன்னாரு பாய்.

வீட்டுல இருந்த துணியிலயே நல்ல துணி, நிச்சயத்துக்குன்னு எடுத்த பட்டுக்கரை வேட்டிதான். ஆவுடையப்பன் அதைக் கட்டிக்கிட்டு நின்னான். அவுக்க நேரமில்லைன்னு முந்தியைப் பிடிச்சு அப்படியே வடிகட்டினானுவ. மாப்பிள்ளை மேல பெட்ரோல் பங்க் வாசம். வண்டி அதுக்கும் அசையலை.

மணி ஒம்பது. ஆவுடையப்பன் கண்ணுல தண்ணி. "போச்சுண்ணே, வடிவு போச்சு"ன்னு தேம்புதான். பாவமா இருந்துது எனக்கே.

மூணாவது தடவை போன். ஸ்பீக்கர்ல போட்டு ஆவுடையப்பன் சட்டைப் பையில வச்சுக்கிட்டானுவ. பாய் குரல் லேசா மாறியிருந்துது. "வண்டியை நல்லா ஒரு பக்கமா சாய்ங்க. சாய்ச்சாச்சா? கையை எடுத்துட்டு, குனிஞ்சு பெட்ரோல் வழியுதான்னு பாருங்க."

சாய்ச்சானுவ. ஆறு கையையும் ஒரே நேரத்துல எடுத்துட்டுக் குனிஞ்சானுவ. வண்டி தொபுக்கடீர்னு விழுந்துது. கார்பரேட்டர் அடியில இருந்த கிண்ணம் கழண்டு உருண்டுது. மண்ணு, குளவி எல்லாம் பெட்ரோலோட வெளிய வந்துருச்சு.

"பாய், குளவி விழுந்துட்டு. திரும்பவும் கழுவித்தான் வைக்கணுமா?"

போன்ல பாய் அலறினாரு.

"குளவியா? ஏலே, அதைத் தூக்கித் தெருவுல எறிங்கல! மண்ணையும் தொடாதீங்க! கிண்ணத்தை மட்டும் மாட்டி உதைங்கல!"

கிண்ணத்தை மாட்டி, வண்டியை நிமித்தி நடு ஸ்டாண்டு போட்டானுவ. ஆவுடையப்பன் மேல ஏறி உக்காந்து ஆக்சிலேட்டரைப் பிடிச்சான். வண்டிமலையான் கிக்கரை மிதிச்சான். உச்சிமாகாளி கையை ஓங்கிக் குளவியை எறிஞ்சான். டுப், டுப், டுப், டுப்!

"ஓடுதா? இனிமே ஒண்ணையும் அசைக்காதீங்க! எப்படி ஸ்டார்ட் ஆச்சோ அப்படியே இருக்கட்டும்!"னு கத்தினாரு பாய்.

மூணு பேரும் கல்லா நின்னுட்டானுவ. ஆவுடையப்பன் கை ஆக்சிலேட்டர்ல, வண்டிமலையான் கால் கிக்கர்ல, உச்சிமாகாளி கை ஆகாசத்துல.

"அண்ணே, பேசலாமா?"ன்னு மூத்தவனைக் கேட்டான் உச்சிமாகாளி.

"ஸ்டார்ட் ஆகும்போது நீ 'அய்யோ'ன்னு கத்தின. அதனால கத்தலாம்."

அப்புறம் எல்லாம் கத்தல்தான். "பலவேசண்ணே, லாரியை எடுங்க!"ன்னு கத்தினானுவ. தார் ஏத்துற ஆளுங்க எட்டு பேரு சேர்ந்து, வண்டியையும் மூணு பேரையும் பொசிஷன் மாறாம லாரியில தூக்கி வச்சோம். வச்சதுல உச்சிமாகாளி கை கொஞ்சம் இறங்கிருச்சு. நான்தான் அளவு பார்த்து ஏத்தி விட்டேன்.

பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது தளவாய் வாசல்ல நிறுத்தினேன். அவரு லாரியைச் சுத்தி வந்தாரு. "மேல உக்காந்திருக்கான், சரி. எஞ்சின் ஓடுது, சரி. என் வாசல், சரி. நான் சொன்னதுல லாரி கூடாதுன்னு இல்லை"ன்னுட்டு லாரியில ஏறி, தாம்பூலத் தட்டை வண்டிமலையான் கையில குடுத்தாரு. நிச்சயம் ஆகிப் போச்சு. ஆவுடையப்பன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

டுப்... டு... நின்னு போச்சு வண்டி.

"ஏதோ ஒண்ணு மாறியிருக்கு"ன்னான் வண்டிமலையான்.

உச்சிமாகாளி ரொம்ப யோசிச்சான். "ஸ்டார்ட் ஆகும்போது தம்பிக்கு நிச்சயம் ஆகலை. இப்ப ஆயிருச்சு. அதான்."

"சரியாச் சொன்ன. மாமா, கோவிச்சுக்காதீங்க. தட்டைத் திருப்பி வாங்கிக்கிடுங்க."

"எஞ்சின் ஓடணும்னு நான்தானே சொன்னேன். நியாயந்தான்"னு தளவாயும் தட்டைப் பிடிச்சிட்டாரு. ஆவுடையப்பன் ஓன்னு அழுதான்.

அதுவரைக்கும் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டிருந்த வடிவு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு விறுவிறுன்னு லாரியில ஏறினா. பெட்ரோல்தான் தீர்ந்திருக்கும்னு குழாயை ரிசர்வுக்குத் திருப்பினா. மூத்தவன் காலைத் தள்ளி விட்டுட்டு கிக்கர்ல ஒரு மிதி.

டுப், டுப், டுப், டுப்!

"அசைக்காதீங்க!" போன்ல பாய் இன்னும் இருந்திருக்காரு, பாவம்.

இப்ப தட்டு ரெண்டு பேரு கையிலயும் இருக்கு. குடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நிச்சயம் ஆச்சா ஆகலையான்னு யாருக்கும் தெரியலை. வடிவு எல்லார் மூஞ்சியையும் ஒரு சுத்து பார்த்தா.

"லாரியைக் கோயிலுக்கு விடுங்க. தாலியைக் கட்டிரட்டும். இதுகளை ஒரு தடவை இறக்கினா மறுபடி ஏத்த முடியாது"ன்னா.

கோயில் வாசல்ல, லாரி மேலயே கல்யாணம். ஆவுடையப்பன் வலது கையை ஆக்சிலேட்டர்ல இருந்து எடுக்க மாட்டேன்னுட்டான். இடது கையால தாலியைப் பிடிச்சுக்கிட்டான், மூணு முடிச்சையும் வடிவே போட்டுக்கிட்டா.

அந்தப் போட்டோ இன்னும் அவங்க வீட்டுல மாட்டியிருக்கு. பார்க்குறவங்க எல்லாம், "கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுதாரே, யாரு பெரியவரு?"ன்னு கேப்பாங்க. ஆசீர்வாதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. குளவி எறியுதான்.

லாரி ஜன்னல் வழியா, வாயில பாதி வடையோட எட்டிப் பார்க்குறது நான். தளவாய் வீட்டு வடை. வடிவு கிக்கரை மிதிச்ச நேரத்துல கடிச்சது. ரிசர்வ் தீர்ந்து எஞ்சின் நிக்கும்போது மணி ரெண்டு. அதுவரைக்கும் நான் அதை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. நானும் மென்னு, வண்டியும் நின்னு போயிருந்தா அந்தப் பொண்ணு கதி என்னத்துக்கு ஆகியிருக்கும்? யாராவது ஒருத்தருக்காவது அறிவு வேணும்லா.