கோவில்பட்டி வாசகியை மறந்த விதம்

‘உப்புமூட்டை’ என்ற மின்னிதழை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். அது வெளிவருகிற அருப்புக்கோட்டையிலேயே யாரும் கேள்விப்பட்டதில்லை. டயர்க் கடைக்கு மேலே ஒரு அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு பீரோ, மூன்று நாற்காலி, மூன்று அறிவாளிகள். வெள்ளிக்கிழமைதோறும் இருநூற்றுப் பதினான்கு வாசகர்களுக்கு இதழ் மின்னஞ்சலில் போகும். போகும் என்பது வரைக்கும்தான் உறுதி.

ஆசிரியர் ஆவுடையப்பன், பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். துணை ஆசிரியர் தாயம்மாள் டீச்சர், ஒற்றுப்பிழை கண்டால் சோறு இறங்காதவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் சித்திக். அவருக்குச் சொந்தத் தொழில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது.

இதழில் சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. ஆவுடையப்பன் தயாரித்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர், ரத்த வகை, உயரம், அங்க அடையாளம் என்று பதினாறு கட்டங்கள். இதழ் படிக்க ரத்த வகை எதற்கு என்று சித்திக் ஒருமுறை கேட்டார். “படிக்கும்போது ஏதாவது ஆயிருச்சுன்னா?” என்றார் ஆவுடையப்பன். அவருடைய தொடரை ஒருமுறை படித்திருந்த சித்திக்குக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்தத் தொடரின் பெயர் ‘நான் தொலைத்த குடைகள்’. எண்பத்தேழாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒரு குடை, கல்யாண வீட்டில் ஒரு குடை என்று மனிதர் இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் வருஷத்தைத் தாண்டவில்லை. அதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கோவில்பட்டி செண்பகவல்லி. ‘பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கறுப்பாக இருந்த குடை பதினான்கில் நீலமாகிவிட்டது, கவனிக்கவும்’ என்று வாரம் தவறாமல் எழுதுவார். ஆவுடையப்பன் அந்தக் கடிதங்களை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிவார். வெளியே சொல்ல மாட்டார், ஆனால் அவர் எழுதுவதே அந்த ஒருவருக்காகத்தான்.

அந்த வாசகியைத்தான் ‘உப்புமூட்டை’ ஒரே காலையில் படுத்தி எடுத்தது. வாசகர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால் நெருக்கம் கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சித்திக் ஒரு வாழ்த்து மடல் தயாரித்தார். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கை. பூமாலை, குத்துவிளக்கு எல்லாம் போட்டு, ‘அறுபத்தோராவது அகவை காணும் திருமதி செண்பகவல்லி அவர்களுக்கு’ என்று எழுதி, சுற்றமும் நட்பும் சூழ வாழ்த்த வேண்டுமே என்று இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அனுப்பிவிட்டார். இதழைத் திறந்தே பார்க்காதவர்கள்கூட அதைத் திறந்து பார்த்தார்கள்.

மறுநாள் செண்பகவல்லியிடமிருந்து மடல் வந்தது. தாயம்மாள் டீச்சர் உரக்கப் படித்தார்.

‘என்னோடு காலையில் நடக்க வருகிற பெண்களெல்லாம் எனக்கு ஐம்பத்தைந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இன்று அக்கா என்கிறார்கள். ஏழு நாளைக்குள் என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கிற விவரம் அத்தனையும் அழித்துவிட்டு, அழித்தோம் என்று எனக்கு எழுத்தில் தர வேண்டும். அதை முறையாகச் செய்தால் தொடர்ந்து படிப்பேன். செய்யாவிட்டால் குடையை நான் இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன்.’

ஆவுடையப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எண்பத்தெட்டாம் அத்தியாயத்தில் ஒரு தாழங்குடை வருகிறது. அதை யாருக்காக எழுதுவது?

“சட்டப்படி செஞ்சிருவோம்,” என்றார்.

டீச்சரிடம் படித்த ஞானமுத்து இப்போது வக்கீல். போனில் பிடித்தார்கள். அவர் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு அவசரமாகப் பேசினார்.

“டீச்சர், நாலே நாலு விஷயம் சொல்றேன். வாசகர் விவரத்தைப் பூட்டிப் பத்திரமா வைங்க. கண்டவங்க கண்ணுல படக் கூடாது. அந்தம்மா விவரம் உங்க யார்கிட்டயும், எங்கயும் மிச்சம் இருக்கக் கூடாது. என்னென்ன அழிச்சீங்கன்னு ஒரு சான்று எழுதுங்க. அதை அவங்கதானான்னு சரிபார்த்து, அவங்க கையில மட்டும் குடுங்க.”

டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். ஐந்து இருந்தது. எதை விடுவது என்று அரைமணி நேரம் விவாதித்து, வக்கீல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஐந்தையும் செய்துவிடுவது என்று முடிவானது.

முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒயர் போக வேண்டுமே என்று பின்பக்கம் ஓட்டை போட்டார்கள். டைப் அடிக்க இரண்டு கை நுழைய வேண்டுமே என்று முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டார்கள். சித்திக் அதற்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

“சார், ஒண்ணும் தெரியலையே,” என்றார்.

“தெரியக் கூடாதுன்னுதானே வக்கீல் சொன்னாரு,” என்றார் ஆவுடையப்பன்.

“இல்ல சார், பெயரைக் கண்டுபிடிச்சாத்தானே அழிக்க முடியும்?”

இது யோசிக்க வேண்டிய விஷயம் என்று மூவரும் டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தார்கள். கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னார். பூட்டைத் திறக்கலாம். ஆனால் சித்திக் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வாசகர் பட்டியலில் செண்பகவல்லி எழுபத்திரண்டாவது பெயர். அம்புக்குறிப் பொத்தானை எழுபத்தொரு தடவை தட்டிவிட்டு அழிக்க வேண்டியதுதான்.

அப்படியே நடந்தது. சித்திக் ஆவுடையப்பனின் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு எண்ணி எண்ணித் தட்டினார். நாற்பதில் ஒரு தும்மல் வந்து கணக்குக் குழம்பி, மறுபடி முதலிலிருந்து தட்டினார். கடைசியில் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“அழிஞ்சிருச்சு சார்.”

“எதுக்கும் ஒரு தடவை பாரும்.”

“பாத்தா, பாத்ததா ஆயிருமே சார்.”

ஆவுடையப்பன் அந்த நேர்மையைக் கண்டு நெகிழ்ந்துபோனார். பாராமலே மறுபடியும் பூட்டினார்கள். செண்பகவல்லி எழுதிய கடிதங்களின் அச்சுப்படிகளை டீக்கடை அடுப்பில் போட்டார்கள். எண்பத்தேழு வாரக் கடிதம். ஆவுடையப்பன் புகை பட்டுவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். ஆவுடையப்பனின் மண்டை.

“சார், அந்தம்மா விலாசம் உங்களுக்கு மனப்பாடம்தானே?” என்றார் டீச்சர்.

“ஆமா. பதினேழு பார் ரெண்டு, பயணியர் விடுதித் தெரு.”

“அப்ப உங்ககிட்ட மிச்சம் இருக்கு. நீங்க மறக்கணும்.”

“நாப்பத்தாறு குடையை மறந்தவன் நான். இது ஒண்ணையா மறக்க மாட்டேன்?” என்று தைரியமாகத்தான் தொடங்கினார். தினமும் காலையில் பத்து மணிக்குச் சோதனை. டீச்சர் பிரம்பில்லாத குறையாக நின்று, “கோவில்பட்டி வாசகியின் கதவு எண் என்ன?” என்று கேட்பார். ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எவ்வளவோ முயல்வார். “பதினேழு பார் ரெண்டு,” என்று வாயில் வந்துவிடும். “பிறந்த தேதி?” அதுவும் வரும். “ரத்த வகை?” பி பாசிட்டிவ். “அங்க அடையாளம்?” இடது கன்னத்தில் மச்சம். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, நாளைக்குள் நன்றாக மறந்துவிட்டு வரச் சொல்வார். மறதி சரிவர நடக்கிறதா என்று பார்க்க, மறக்க வேண்டிய விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

நான்காம் நாள், அதுவரை எதுவும் தெரியாமலிருந்த டீச்சருக்கும் சித்திக்குக்கும் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஐந்தாம் நாள் ஆவுடையப்பன் கொஞ்சம் தடுமாற, டீ கொண்டுவந்த முனியாண்டி அண்ணாச்சி, “பி பாசிட்டிவ் சார்,” என்று எடுத்துக்கொடுத்தார்.

ஆறாம் நாள் சான்று எழுதினார்கள். ‘கீழ்க்கண்ட விவரங்கள் முற்றிலும் அழிக்கப்பட்டன’ என்று தலைப்பிட்டு, பதினாறு கட்டத்தில் இருந்த அத்தனையையும் வரிசையாக எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உறையிலும் போட்டாயிற்று. உறையின் மேலே விலாசம் எழுதப் பேனாவைத் திறந்த ஆவுடையப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர், விலாசம் எழுதினா நான் மறக்கலைன்னு ஆயிரும்.”

“எழுதலைன்னா போய்ச் சேராதே.”

“மின்னஞ்சல்ல?”

“அழிச்சிட்டோமே சார்,” என்றார் சித்திக்.

நாளையோடு கெடு முடிகிறது. ஆவுடையப்பனுக்கு அந்த நேரத்தில் தாழங்குடை, தொடர், இதழ் எல்லாமே விளங்காமல் போய்விட்டது போலிருந்தது. டீச்சர்தான் மறுபடி வழி சொன்னார். யாரும் எதையும் எழுத வேண்டாம். பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போவோம். கால் எங்கே போகிறதோ அங்கே போகட்டும். காலுக்கு ஞாபகம் இருந்தால் அதற்குச் சட்டத்தில் தடையில்லை.

ஏழாம் நாள் காலை மூவருடைய ஆறு கால்களும் எங்கும் வழி கேட்காமல் நேராகப் பயணியர் விடுதித் தெரு பதினேழு பார் இரண்டு முன்னால் போய் நின்றன. கதவைத் திறந்த அம்மாளுக்குக் கண்ணாடியும் கையில் சிவப்புப் பேனாவும் இருந்தன. ஆவுடையப்பன் அவரை எண்பத்தேழு வாரத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார்.

“யாரு வேணும்?”

“அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க,” என்றார் ஆவுடையப்பன். “ஒருத்தருக்கு ஒரு சான்று கொண்டுவந்திருக்கோம். அது நீங்கதானான்னு சரிபார்க்கணும். நீங்க யாரு?”

“செண்பகவல்லி. உப்புமூட்டைக்காரங்களா நீங்க?”

“அந்தப் பேருல எங்களுக்கு யாரையும் தெரியாதும்மா,” என்றார் ஆவுடையப்பன், கலங்கிய கண்ணோடு. “அழிச்சிட்டோம்.”

“சரி, குடுங்க.”

“நீங்கதான்னு எப்படி நம்புறது? ஒத்துப் பாக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லையே.”

செண்பகவல்லி மூவரையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். உறை ஆவுடையப்பன் கையில் இருந்தது. எட்டிப் பறித்துக்கொண்டார். பிரித்துப் படிக்கத் தொடங்கியதும் முகம் சிவந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அழிச்சோம்னு சொல்லி அவ்வளவையும் எழுதி வச்சிருக்கீங்களே, ஏன்யா?”

“ஆதாரம் வேணும்னாங்க,” என்றார் டீச்சர்.

செண்பகவல்லி பேனா மூடியைக் கழற்றினார். “முகவரியில சந்திப்பிழை. பின்கோடுல கடைசி நம்பர் தப்பு. மச்சம் இடது கன்னத்துல இல்ல, வலதுல. பிறந்த வருஷமும் தப்பு. நானே ரெண்டு வருஷம் குறைச்சுத்தான் எழுதியிருந்தேன். பிழையோட ஒரு காகிதம் என் பேருல இருக்கக் கூடாது, திருத்தி எடுத்துட்டு வாங்க,” என்று முழுவதும் திருத்தி, ஆவுடையப்பன் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆவுடையப்பன் வாயெல்லாம் பல்லாக இருந்தார். “கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க, பாத்தீங்களா?” என்று சாத்தூர் வருவதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

திருத்தம் வந்தால் பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வெள்ளிக்கிழமை இதழின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள். ‘திருத்தம்: கோவில்பட்டி வாசகி செண்பகவல்லி அவர்களின் வயது அறுபத்தொன்று அல்ல, அறுபத்துமூன்று. மச்சம் வலது கன்னம். மேற்படி விவரங்கள் எங்களிடம் இல்லை. பிழைக்கு வருந்துகிறோம்.’

சித்திக் பீரோவுக்குள் கையை விட்டு இதழை அனுப்பினார். அனுப்பிய பிறகுதான், வழக்கமாக அரைமணி நேரம் எடுக்கிற வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதே என்று அவருக்கு இடித்தது. வக்கீலிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பீரோவைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். அன்றைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு எதைத் தட்டினாரோ, இருநூற்றுப் பதின்மூன்று வாசகர்களும் துப்புரவாக அழிந்திருந்தார்கள். மிச்சமிருந்தது எழுபத்திரண்டாவது பெயர் மட்டும்தான். இதழ் அந்த ஒருவருக்குத்தான் போயிருக்கிறது.

மூவரும் பதறிப்போய், இதழ் வரவில்லையே என்று மற்றவர்கள் கேட்டு எழுதுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஒரு வாரம் காத்திருந்தார்கள். ஒரு மாதம் காத்திருந்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செண்பகவல்லி மட்டும் எழுதினார். திருத்தத்தில் ‘அவர்களின்’ என்பதற்குப் பதில் ‘அவர்களுடைய’ என்று இருப்பது நலம், தாழங்குடைக்குக் காம்பு எத்தனை அடி என்று சொல்லவில்லை என்று இரண்டு பக்கம்.

ஆவுடையப்பன் அதை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து இதழின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி புதிதாக வரத் தொடங்கியது: ‘பதிவு செய்த வாசகர்கள் அனைவரும் கடைசி வரி வரை படிக்கும் ஒரே மின்னிதழ்.’