பாவாத்தாளின் இரட்டைக்குழல்

தேர்தலுக்காக ஊர்க்காரர்கள் ஒப்படைத்திருந்த துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாளின் புத்தம் புது இரட்டைக்குழல் மட்டும், தோளில் வைக்கும் மரக்கட்டை பிளந்து வந்தது. வெடிச்சத்தம் இல்லாவிட்டால் காட்டுப்பன்றிகள் அவளுடைய மரவள்ளியை ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் தோண்டிவிடும்.

"கம்பெனி வாரண்டி இருக்கில்லம்மா, அப்புறம் எதுக்கு இங்க ஒப்பாரி?" என்றார் இன்ஸ்பெக்டர் தர்மசீலன். துப்பாக்கியை விற்ற கடைக்காரர் யூசுப்பையும் வரவழைத்திருந்தார்.

யூசுப் கட்டையைத் தடவிப் பார்த்தார். "கீழே விழுந்து உடைஞ்சா வாரண்டி கிடையாது சார். சுடறப்ப அதிர்வுல பிளந்தா உண்டு."

"அப்ப சுட்டுத்தான் பிளந்திருக்கு. நான் சொல்றேன், போதுமா?" இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர் ஒருவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாத்தாள் அதைக் கவனித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க சார், கடையில வாங்கி நேரா இங்கதான் கொண்டாந்து குடுத்தேனுங்க. நான் ஒரு தோட்டாகூடப் போடலீங்க. அப்ப ஸ்டேசனுக்குள்ள வச்சு யாருங்க சுட்டது? யாரச் சுட்டாங்க?"

வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "யூசுப், கீழே விழுந்ததுன்னே வச்சுக்குவோம். புதுக் கட்டை போட எத்தனை நாளாகும்? செலவு எங்களுது."

"ஒரு வாரம் ஆகும் சார்."

"அதுவரைக்கும் பன்னி சும்மா இருக்குங்களா?" என்றாள் பாவாத்தாள்.

அன்று சாயங்காலமே அந்தப் போலீஸ்காரர், தட்டிப் பன்றி விரட்ட ஒரு தகர டப்பாவோடு அவளுடைய மரவள்ளிக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். துப்பாக்கி எப்படி விழுந்தது என்று அவள் கேட்கவில்லை. இருவருக்குமாகச் சோறு வைத்தாள்.